சைக்கிளை விட விலை அதிகமான வீல்: 72,000 ரூபாய்க்கு நான் உண்மையில் என்ன வாங்கினேன்?



எங்க சைக்கிள் குரூப்பில் ஒரு தம்பி இருக்கார். சிறுசேரியில் ஐடி வேலை, வயசு 26. போன வாரம் கோவளத்தில் டீ குடிச்சுக்கிட்டு இருக்கும்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அண்ணா, போனஸ் வருது. கார்பன் வீல் போட்டுடலாம்னு இருக்கேன். 12 மாசம் நோ காஸ்ட் இஎம்ஐ தர்றாங்க. நீங்க போட்டிருந்தீங்கல்ல, எப்படி இருந்தது? சைக்கிளே மாறிடும்னு சொல்றாங்களே?"

"போட்டிருந்தீங்க", "இருந்தது"ன்னு அவர் கேட்டதைக் கவனிச்சீங்களா? குரூப்பில் எல்லாருக்கும் என் கதை தெரியும். உங்களுக்குத் தெரியாது. வீடியோவில் சொல்லக் கொஞ்சம் கூச்சமா இருந்தது, அதனால இங்கே எழுதறேன். ஊருக்கெல்லாம் பட்ஜெட் போட்டுக் கொடுக்கிற ஆடிட்டர் தன் சொந்தக் கணக்கில் எங்கே சறுக்கினார்ங்கிற கதை இது. கூடவே, ரோடு பைக்கில் வீலை மாத்தினா எது மாறும், எது மாறாதுங்கிற விஷயமும் இருக்கு. இந்த இரண்டாவது விஷயம் தெரியாம முதல் முடிவை எடுத்ததுதான் என் பிரச்சினையே.

என் சைக்கிள் 68,000 ரூபாய். அலுமினியம் ஃப்ரேம், டிஸ்க் பிரேக், கம்பெனியோடவே வந்த அலுமினியம் வீல். 2025 ஜூலையில் அதுக்கு 50 மி.மீ. ஆழமுள்ள கார்பன் வீல்செட் வாங்கினேன். விலை 72,000. ஆமா, சைக்கிளை விட வீல் விலை அதிகம். வீட்டில் இன்னிக்கு வரைக்கும் இந்த ஒப்பீட்டைச் சொல்லல, இதைப் படிச்சாத்தான் தெரியும். கடையில் இருந்த மெக்கானிக் அண்ணன், "இவ்வளவு நல்ல வீலுக்கு இந்தப் பழைய டயரா போடப் போறீங்க?"ன்னு கேட்டார். நியாயமாப் பட்டது. நல்ல டயர் ஒரு ஜோடி 8,400. ரிம் ஆழமா இருக்கிறதால பழைய டியூபோட வால்வ் வெளியே எட்டாது, நீளமான வால்வ் வெச்ச டியூப் வேணும். லேசான டிபியு டியூப் இரண்டு, 2,200. ஆக மொத்தம் 82,600.

மறுநாள் காலை அஞ்சு மணிக்கு திருவான்மியூரில் இருந்து கிளம்பினேன். உத்தண்டி டோல் தாண்டறதுக்குள்ள முடிவு பண்ணிட்டேன், இது வேற சைக்கிள். ரோட்டில் இருக்கிற சின்னச் சின்ன அதிர்வெல்லாம் கைக்கு வரவே இல்லை. மிதிச்சா சறுக்கிக்கிட்டுப் போற மாதிரி இருந்தது. கார்பன் ரிம்முக்கே உரிய அந்த "வூம்... வூம்" சத்தம் வேற. அன்னிக்கு ராத்திரி குரூப்பில் "ஒவ்வொரு ரூபாய்க்கும் தகும்"னு மெசேஜ் போட்டேன். அதை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வெச்சிருக்கிற நல்ல உள்ளங்கள் இன்னும் குரூப்பில் இருக்காங்க.

அஞ்சு மாசம் இந்தச் சந்தோஷம் ஓடுச்சு. டிசம்பரில் மழை விட்ட ஒரு காலையில், கோவளத்துக்கு முன்னாடி தண்ணி தேங்கி நின்ன இடத்தில் இறங்கினேன். தண்ணிக்கு அடியில் பள்ளம் இருந்தது எனக்குத் தெரியாது. "டப்"புன்னு ஒரு சத்தம். பின் வீல் பஞ்சர்னு நினைச்சு டயரைக் கழட்டினா, ரிம் ஓரத்தில் முடி மாதிரி ஒரு விரிசல். விரலை வெச்சு அழுத்தினா அசையுது. அலுமினியம்னா நெளியும், கோட்டம் எடுத்து ஓரளவு ஓட்டலாம். கார்பனில் விரிசல் விட்டா அதுக்கு மேல அதை நம்பி ஏறக் கூடாது, அவ்வளவுதான்.

வாரன்டி? தயாரிப்புக் குறைக்குத்தான் வாரன்டி, பள்ளத்தில் இடிச்சதுக்கு இல்லை. இப்படி இடிச்சுக்கிட்டா பாதி விலைக்கு மாத்தித் தர்ற ஒரு திட்டம் அந்தக் கம்பெனிக்கு இருந்தது. ஆனா வாங்கின 30 நாளுக்குள்ள வெப்சைட்டில் பதிவு பண்ணியிருக்கணும். நான் பண்ணல. அடுத்தவங்க இன்ஷூரன்ஸ் பாலிசியில் இருக்கிற பொடி எழுத்தைப் படிச்சுக் காட்டிக் காசு வாங்குற ஆள் நான். புது ரிம் வரவழைச்சு, ஸ்போக் கோத்துக் கட்டித் தர 31,000 சொன்னாங்க.

அந்த நேரத்தில் இன்னும் ஏழு இஎம்ஐ பாக்கி. ஏழு ஆறு நாற்பத்திரண்டாயிரம். ஓடாத வீலுக்கு.

31,000 ரூபாயை மறுபடி அதில் போட மனசு வரல. பரணில் கிடந்த பழைய அலுமினியம் வீலை இறக்கினேன். டயர் தப்பிச்சிருந்தது, அதனால அதே நல்ல டயர், அதே டிபியு டியூப், அதே காத்து அளவு. மறுநாள் தண்டனை அனுபவிக்கப் போற மனநிலையோட கிளம்பினேன்.

உத்தண்டி வந்தது. சைக்கிள் அதே மாதிரிதான் ஓடிக்கிட்டு இருந்தது.

சத்தம் இல்லை. அது தெரிஞ்சது. ஆனா அந்த மெத்துன்னு போற உணர்வு? இருந்தது. சறுக்கிக்கிட்டுப் போறது? கிட்டத்தட்ட இருந்தது. அப்பத்தான் உறைச்சது. ஜூலையில் நான் மாத்தினது ஒண்ணு இல்லை, நாலு. வீல், டயர், டியூப், காத்து அளவு. நாலையும் ஒரே நாளில் மாத்திட்டு, வந்த பலன் மொத்தத்தையும் விலை அதிகமான அயிட்டத்தோட பேரில் எழுதிட்டேன். ஒரு கிளையன்ட் இப்படி எல்லாச் செலவையும் ஒரே தலைப்பில் போட்டுக் கொண்டு வந்தா, நான் ஃபைலைத் திருப்பி அனுப்பியிருப்பேன்.

எக்செல் சொன்னது

தனியா ஓட்டின நாட்களை மட்டும் எடுத்தேன். குரூப்பில் ஓட்டினா முன்னாடி போறவர் காத்தை வாங்கிக்குவார், கணக்கு கெட்டுடும். திருவான்மியூர் – கோவளம் போய் வர்றது, ஒரே ரோடு, கிட்டத்தட்ட ஒரே நேரம்.

கம்பெனி வீலும் கம்பெனி டயருமா 11 ரைடு: சராசரி மணிக்கு 25.4 கி.மீ.
கார்பன் வீல், நல்ல டயர், 19 ரைடு: 27.3 கி.மீ.
பழைய வீல், அதே நல்ல டயர், 14 ரைடு: 26.9 கி.மீ.

இது ஆய்வகக் கணக்கு இல்லை. மாசத்துக்கு மாசம் காத்து மாறும், என் உடம்பும் மாறும். இருந்தாலும் விஷயம் ஓரளவு புரியுது. மொத்தம் கூடின 1.9 கிலோமீட்டரில் 1.5 டயர், டியூப், காத்து பக்கம் இருக்கு, 0.4 வீல் பக்கம் இருக்கு. டயருக்கும் டியூபுக்கும் செலவு 10,600, அதாவது ஒரு கிலோமீட்டர் வேகம் கூட்ட சுமார் 7,000 ரூபாய். வீலில் அதே ஒரு கிலோமீட்டருக்கு 1,80,000 ரூபாய்.

என் எக்செலை நம்ப வேண்டாம், பள்ளிக்கூட பிசிக்ஸை வெச்சுப் பார்த்தாலும் இதே திசையில்தான் வருது. கொஞ்சம் பொறுமையா வாங்க, இது புரிஞ்சா உங்களுக்கு எழுபதாயிரம் மிச்சமாகலாம்.

முதல்ல எடை. வீல் விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போடறது இதைத்தான். என் பழைய வீல் ஜோடி சுமார் 2,000 கிராம், கார்பன் 1,550. மிச்சம் 450 கிராம். நான் 74 கிலோ. சைக்கிள், தண்ணி, பை எல்லாம் சேர்த்தா 85. அதில் 450 கிராம்ங்கிறது அரை சதவீதம். ஏலகிரி மாதிரி ஏற்றத்தில் ஒரு மணி நேரம் ஏறினா சுமார் 19 விநாடி மிச்சமாகும். ஏற்றத்துக்குக் கீழே ஒரு பாட்டில் தண்ணியைக் கொட்டிட்டு ஏறினா இதைவிட அதிகம் மிச்சமாகும். "சுத்துற எடை வேற, அது பல மடங்கு கணக்கு"ன்னு கடையில் சொல்வாங்க. பாதி உண்மை. வேகம் எடுக்கும்போது மட்டும், ரிம் ஓரத்தில் இருக்கிற எடை அதிகபட்சம் இரண்டு மடங்கா கணக்காகும், அதுக்கு மேல இல்லை. 450 கிராமும் ரிம் ஓரத்திலேயே குறைஞ்சதுன்னு வெச்சாலும் 900 கிராம், அதாவது மொத்தத்தில் ஒரு சதவீதம். ஒரே வேகத்தில் சமதரையில் போகும்போது அந்த வித்தியாசமும் இல்லை.

அடுத்தது காத்து. இங்கேதான் ஆழமான ரிம்முக்கு உண்மையான வேலை இருக்கு. காத்தை வெட்டிக்கிட்டுப் போகத் தேவைப்படற சக்தி வேகத்தோட மூன்றாம் அடுக்கில் ஏறும். வேகம் இரண்டு மடங்கானா சக்தி எட்டு மடங்கு. விளம்பரத்தில் வர்ற வாட் கணக்கெல்லாம் பெரும்பாலும் மணிக்கு 45 கிலோமீட்டர், அதுக்கும் மேலே வெச்சு அளந்தது. ஒரு வீல் 45இல் 15 வாட் மிச்சப்படுத்துதுன்னு வெச்சுக்கோங்க. அதே வீல் 28இல் மிச்சப்படுத்தறது மூணரை வாட்தான். என்னை மாதிரி ஆளுக்கு அது மணிக்கு 0.3 கிலோமீட்டர். எதிர்காத்தில் கொஞ்சம் கூடும். காத்தில் தடுக்கிறதில் பெரும்பங்கு நம்ம உடம்புதான், முழங்கையை மடக்கிக் கொஞ்சம் குனிஞ்சு ஓட்டினா வர்ற லாபம் இதைவிடப் பெரிசு. அதுக்கு இஎம்ஐ கிடையாது.

இப்ப டயர். ரோட்டில் உருளும்போது ரப்பர் நசுங்கி நசுங்கி விரியுது, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் சக்தி சூடாகிப் போகுது. விலை குறைஞ்ச, தடிமனான, கம்பி வெச்ச டயரில் இந்த நஷ்டம் அதிகம். உருளல் எதிர்ப்பு எண் என்று ஒண்ணு உண்டு. சாதா டயருக்கு 0.007, நல்ல டயருக்கு 0.0045 என்று வெச்சு 85 கிலோவுக்கு, 28 கிலோமீட்டர் வேகத்துக்குப் போட்டுப் பார்த்தேன். வித்தியாசம் 16 வாட். வீல் கொடுத்த மூணரை வாட்டையும் இந்தப் 16ஐயும் பக்கத்தில் வெச்சுப் பாருங்க. டயர் லாபத்துக்கு 45இல் போகணும்னு கட்டாயமும் இல்லை, 20இல் போனாலும் வேகத்துக்கு ஏத்த பங்கு கிடைக்கும்.

சைக்கிள் வரலாற்றிலேயே பெரிய வீல் அப்கிரேடு எதுன்னு கேட்டா அதுவும் டயர்தான். பெல்ஃபாஸ்ட்டில் இருந்த ஜான் பாய்டு டன்லப் ஒரு கால்நடை டாக்டர். பையனோட மூணு சக்கர சைக்கிள் ரொம்பக் குலுங்குதேன்னு காத்தடைச்ச ரப்பரை மாட்டிப் பார்த்தார். 1888இல் காப்புரிமை வாங்கினார். அடுத்த வருஷமே வில்லி ஹியூம் அந்த டயரைப் போட்டுக்கிட்டு அங்கே பந்தயங்களில் ஜெயிச்சார். அதுவரைக்கும் கெட்டி ரப்பரில் ஓட்டினவங்க அதுக்கப்புறம் திரும்பிப் பார்க்கல.

காத்து அளவு விஷயம் இன்னும் வேடிக்கை, ஏன்னா அது இலவசம். நான் ரெண்டு வருஷமா 28 மி.மீ. டயருக்கு 100 பிஎஸ்ஐ அடிச்சுக்கிட்டு இருந்தேன். டயர் பக்கவாட்டில் அதிகபட்சம்னு ஒரு எண் போட்டிருந்தது, அதையே சரியான அளவுன்னு நினைச்சுட்டேன். கல்லு மாதிரி இருந்தா வேகமா போகும்னு ஒரு நம்பிக்கை. கண்ணாடி மாதிரி ரோட்டில் வேணா அது உண்மையா இருக்கலாம். நம்ம ரோட்டில் டயர் அமுங்காட்டி அந்தக் குலுக்கலை எல்லாம் உடம்புதான் வாங்கும்; அதுவும் சக்தி விரயம்தான். கார்பன் வீல் மாட்டின அன்னிக்கு மெக்கானிக் அண்ணன் சத்தமில்லாம பின்னாடி 70, முன்னாடி 65 அடிச்சு விட்டார். நான் "கார்பன் எவ்வளவு சாஃப்ட்டா போகுது பாரு"ன்னு சந்தோஷப்பட்டேன். உண்மையில் 50 மி.மீ. கார்பன் ரிம் மேலிருந்து கீழே வர்ற அதிர்வை அமுக்கறது ரொம்பக் கொஞ்சம். அந்த வேலையைச் செய்யறது டயருக்குள்ள இருக்கிற காத்து. நல்ல ரிம் உதவற ஒரே வழி, உள்ளகலம் அதிகமா இருந்தா டயர் கொஞ்சம் விரிஞ்சு உட்காரும், இன்னும் குறைவான காத்தில் ஓட்டலாம். என் பழைய ரிம் உள்ளகலம் 19, புதுசு 21. பெரிய மாற்றம் இல்லை. உங்களுது 15 மி.மீ. பழைய ரிம்மா இருந்தா வித்தியாசம் நல்லாவே தெரியும்.

அப்ப கார்பன் வீல் வெறும் ஏமாத்தா? இல்லைங்க

அப்படிச் சொன்னா நான் இன்னொரு பொய் சொல்றேன்னு அர்த்தம். சில இடங்களில் அந்த வீலை நான் உண்மையா இழந்தேன். ஞாயிறு குரூப்பில் முன்னாடி போய் 34, 35இல் இழுக்கும்போது வேகம் விழாம நிற்கும், பழைய வீலில் அந்த இடத்தில் மூச்சு வாங்குது. எழுந்து நின்னு மிதிச்சா உடனே பாயும், ஏன்னா அந்த ரிம் கெட்டி, ஸ்போக் எல்லாம் சரியான இழுவையில் இருந்தது. என் பழைய பின் வீலில் ஸ்போக் தளர்வு. இரண்டு மாசத்துக்கு ஒரு தடவை கோட்டம் எடுக்கணும். ஹப்பும் நல்லா இருந்தது, பால்ரஸ் சத்தமே வராது.

எதிர்ப்பக்கமும் ஒண்ணு உண்டு. முட்டுக்காடு பாலத்தில் ஆகஸ்டில் ஒரு நாள் மேற்கில் இருந்து அடிச்ச காத்து முன் வீலைப் பிடிச்சுத் திருப்பி விட்டது. அரை அடி வலது பக்கம் போனேன். பின்னாடி வந்த பஸ் ஹாரன் இன்னும் காதில் இருக்கு. ஆழமான ரிம்னா பக்கக் காத்துக்குப் பாய் மரம் மாதிரி. நீங்க 55, 60 கிலோ எடைன்னா முன்னாடி 50 மி.மீ. போடறதுக்கு முன்னாடி யாரோடதையாவது வாங்கி அந்தப் பாலத்தில் ஒரு தடவை ஓட்டிப் பாருங்க. ரிம் பிரேக் சைக்கிளா இருந்தா இன்னும் யோசிங்க. கொல்லிமலை மாதிரி 70 கொண்டை ஊசி வளைவு இறங்கும்போது பிரேக் கட்டை கார்பன் ரிம்மைச் சூடாக்கிக்கிட்டே வரும். மழையில் பிரேக்கும் தாமதமா பிடிக்கும்.

இதையெல்லாம் கூட்டிக் கழிச்சா என் அபிப்பிராயம் இது. வாராவாரம் 35க்கு மேல குரூப்பில் ஓட்டறவங்க, பந்தயத்துக்குப் போறவங்க, அவங்களுக்கு அது கருவி. காலையில் தனியா 26, 27இல் போய் டீ குடிச்சுட்டு வர்ற என்னை மாதிரி ஆளுக்கு அது நகை. நகை வாங்கறது தப்பில்லை. ஆனா நகைன்னு தெரிஞ்சு வாங்கணும், இஎம்ஐயில் வாங்கக் கூடாது.

இப்ப அந்த நோ காஸ்ட் இஎம்ஐ

நோ காஸ்ட்னா வட்டி இல்லைன்னு அர்த்தம் இல்லை. பேங்க் வட்டி போடும். அந்த வட்டித் தொகையைக் கடைக்காரர் அல்லது கம்பெனி முன்கூட்டியே விலையில் தள்ளுபடியா காட்டுவாங்க. என் கேஸில் மாசம் 6,000, 12 மாசம், வட்டி ஆண்டுக்கு 15 சதவீதம். அதாவது பேங்க் கணக்கில் கடன் 66,476, வட்டி 5,524. இதுவரைக்கும் 72,000தான், சரி. ஆனா அந்த வட்டிக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி, 994 ரூபாய், அது நம்ம தலையில். பிராசஸிங் கட்டணம் 199, அதுக்கு ஜிஎஸ்டி 36. மொத்தம் 1,229. இது ஸ்டேட்மென்ட்டில் சில்லறை சில்லறையா வர்றதால யாரும் கூட்டிப் பார்க்கறதில்லை.

பெரிய நஷ்டம் வேற இடத்தில் இருக்கு. மொத்தத்தையும் உடனே கொடுத்தா 69,000க்கு, பில்லோடவே, தர்றேன்னு கடையில் சொன்னாங்க. இஎம்ஐன்னா அந்தச் சலுகை கிடையாது. ஆக காஸ்ட் இல்லாத இஎம்ஐயோட காஸ்ட் 4,229 ரூபாய். அது போக, 72,000 அளவுக்கு கார்டு லிமிட் முடங்கிக் கிடக்கும், மாசாமாசம்தான் விடுபடும். ஒரு மாசம் பில்லை முழுசாக் கட்ட முடியாமப் போனா, பல கார்டுகளில் மாசம் மூணரை சதவீதம் பக்கம் வட்டி ஓட ஆரம்பிக்கும். அப்ப நோ காஸ்ட்ங்கிற வார்த்தைக்கு அர்த்தமே இல்லை.

இதையே திருப்பிப் போட்டிருந்தா? மாசம் 6,000 ஆர்டி, 12 மாசம், ஆறரை சதவீதம்னு வெச்சா வட்டி சுமார் 2,500 கிடைச்சிருக்கும். வரி உண்டு, இருந்தாலும் சரி. கையில் 74,500 ரூபாயோட போய் 69,000க்குப் பேரம் பேசியிருக்கலாம். பணத்தை விட முக்கியமா, அந்த 12 மாசத்தில் எனக்கே தெரிஞ்சிருக்கும், நான் வாரத்துக்கு எத்தனை நாள் ஓட்டறேன், எந்த வேகத்தில் ஓட்டறேன்னு. ஆர்வத்தில் சைக்கிள் வாங்கி பால்கனியில் துணி காயப் போடறவங்க எத்தனை பேர்!

கூடவே ஒரு வயித்தெரிச்சல். சைக்கிளுக்கும் சைக்கிள் பாகங்களுக்கும் ஜிஎஸ்டி 12 சதவீதமா இருந்தது, 2025 செப்டம்பர் 22இல் இருந்து 5 ஆச்சு. நான் வாங்கினது ஜூலை. அதே வீல் இரண்டு மாசம் கழிச்சு வாங்கியிருந்தா, அடிப்படை விலை மாறாம இருந்தா, 67,500. சைக்கிள் டயருக்கும் டியூபுக்கும் முன்னாடியே 5தான். வரி போடறவங்களுக்கே எது அவசியம்னு தெரிஞ்சிருந்தது போல.

சிலர் கேட்கறது, "இதை ஐ.டி. ரிட்டர்னில் எங்கேயாவது காட்டலாமா சார்?" சம்பளக்காரங்களுக்கு ஸ்டாண்டர்டு டிடக்‌ஷன் உண்டு, சைக்கிளுக்குத் தனியா எதுவும் இல்லை. பழைய வீலை விற்றா வர்ற பணத்துக்கு வரி கட்டணுமோன்னும் பயப்பட வேண்டாம், சொந்த உபயோகத்துக்கு வெச்சிருக்கிற இந்த மாதிரிப் பொருள் மூலதனச் சொத்துக் கணக்கில் வராது. லாபத்துக்கு விற்கப் போறதும் இல்லை, கவலையை விடுங்க.

நான் பொதுவா எந்தச் செலவையும் "இதை எஸ்ஐபியில் போட்டிருந்தா 25 வருஷத்தில் இவ்வளவு ஆகியிருக்கும்"னு மிரட்டற ஆள் இல்லை. அந்தக் கணக்கில் டீ கூடக் குடிக்க முடியாது. எனக்குப் பிடிச்ச கணக்கு கிலோமீட்டருக்கு எவ்வளவுங்கிறது. 8,400 ரூபாய் டயர் 4,000 கிலோமீட்டர் ஓடினா, கிலோமீட்டருக்கு 2 ரூபாய் 10 காசு. மலிவில்லை, டயர் தேஞ்சு தீர்ந்துடற பொருள், மறுபடி வாங்கணும். கார்பன் வீலை மூணு வருஷம், 9,000 கிலோமீட்டர் ஓட்டி 30,000க்கு வித்திருந்தா கிலோமீட்டருக்கு 5 ரூபாய்க்குள்ள முடிஞ்சிருக்கும், அதுவும் மோசமில்லை. ஆனா நான் ஓட்டினது 2,300 கிலோமீட்டர். கிலோமீட்டருக்கு 32 ரூபாய். ஈசிஆரில் ஆட்டோ பிடிச்சுப் போயிருந்தாலும் இந்தப் பக்கம்தான் வந்திருக்கும்.

கோவளத்தில் அந்தத் தம்பிகிட்ட நான் கேட்டது மூணே கேள்வி. "இப்ப டயரில் எவ்வளவு காத்து அடிக்கிறீங்க?" தெரியல, கல்லு மாதிரி இருக்கிற வரைக்கும் அடிப்பேன்னார். "என்ன டயர்?" சைக்கிளோட வந்தது. "எமர்ஜென்சி ஃபண்டு?" சிரிச்சார். அவருக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்றேன். மீட்டர் வெச்ச பம்ப் ஒண்ணு வாங்குங்க, எடைக்கு ஏத்த அளவில் காத்தை வெச்சு ஒரு மாசம் ஓட்டுங்க. பிறகு நல்ல டயரும் டியூபும். இரண்டையும் ஒரே நாளில் மாத்தாதீங்க, எது என்ன செஞ்சதுன்னு உங்களுக்கே தெரியணும். ஹப்பைப் பிரிச்சு கிரீஸ் போட்டு, ஸ்போக் இழுவையைச் சரி பண்ணச் சொல்லுங்க, சில நூறு ரூபாய் வேலை. இத்தனைக்கும் பிறகு வீல் போதலைன்னா, நல்ல ஆள்கிட்ட கையால் கோத்த அலுமினியம் வீல் கேளுங்க. நான் விசாரிச்சப்ப 28,000 சொன்னாங்க, எடை 1,650 கிராம். பள்ளத்தில் விழுந்தா ரிம் மட்டும் சில ஆயிரத்தில் மாத்திக்கலாம், ஹப் அப்படியே இருக்கும்.

கார்பன்தான் வேணும்னா அட்வான்ஸ் கொடுக்கறதுக்கு முன்னாடி சைக்கிளுக்குப் பொருந்துமான்னு பாருங்க. ரிம் பிரேக்கா டிஸ்க்கா, பின் ஆக்ஸில் குவிக் ரிலீஸா 12 மி.மீ. த்ரூ ஆக்ஸிலா, ஹப் ஷிமானோ கேசட் ஏத்துக்கறதா இல்லை ஸ்ராமோடதா. ஹுக் இல்லாத ரிம்னா 72.5 பிஎஸ்ஐக்கு மேல அடிக்கக் கூடாது, அதுக்கேத்த டயர்தான் போடணும். இதில் ஒண்ணு தப்பினாலும் திரும்ப எடுத்துக்க மாட்டாங்க. வாங்கின அன்னிக்கே, கடையை விட்டு வெளியே வர்றதுக்கு முன்னாடியே, அந்த வெப்சைட் பதிவைப் பண்ணிடுங்க.

தம்பி இன்னும் முடிவு பண்ணல. பம்ப் மட்டும் வாங்கியிருக்கார். நேத்து காலையில் மெசேஜ், "அண்ணா, 100இல் இருந்து 70க்கு இறக்கினேன். சைக்கிளே மாறிடுச்சு." ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வெச்சிருக்கேன்.

என் கடைசி இஎம்ஐ இந்த ஜூலை 5ஆம் தேதி போச்சு. முன் வீல் நல்லா இருக்கு, பழைய பெட்ஷீட்டில் சுத்திப் பரணில் வெச்சிருக்கேன். ஒரு வீல் மட்டும் விற்பனைக்குன்னு போட்டேன். இதுவரைக்கும் ரெண்டு பேர் கேட்டாங்க. ரெண்டு பேரும் கேட்ட முதல் கேள்வி, "பின் வீல் எங்கே சார்?"